ஏறுகிறவருக்கும் சுழி பார்க்க வேண்டும்

மச்சான் போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டார். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. பையனுக்குப் பத்து வயது ஆகிறது, ரொம்ப நாளாகக் குதிரை கேட்டுக்கொண்டிருக்கிறான், ஒரு இடத்தில் இரண்டு வயது ஆண் குட்டி இருக்கிறது, பஞ்சகல்யாணி, நாலு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை, பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, இப்போதே வாங்கிவிட்டால் பையனும் குட்டியும் ஒன்றாகவே வளர்ந்துவிடும், என்ன சொல்றீங்க மாப்பிள்ளை என்றார். வேண்டாம் என்றேன். அப்படிப் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்தான், ஆனால் அந்தப் பையனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான், வாயில் முதலில் அதுதான் வந்தது. ஏன் வேண்டாம் என்பதைப் போனில் கோவையாகச் சொல்ல முடியவில்லை. அவருக்காகவும், ஆடி பிறந்ததும் அந்தியூருக்குக் கிளம்புகிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் முதலில் வாங்கியது பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம். ஐந்து வயது, செவலை, 16 கை உயரம். (ஒரு கை என்பது 4 அங்குலம். பிடரி மயிர் முடிகிற இடத்தில், முன்காலுக்கு நேர் மேலே எழும்பி நிற்கிறதே ஒரு மேடு, தரையிலிருந்து அதுவரைதான் அளப்பார்கள், தலையைச் சேர்ப்பதில்லை.) அதற்கு முன் கோவையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் ஞாயிறுதோறும் பழகியிருந்தேன். அங்கிருந்த குதிரைகள் என்னைப் போலப் புதிதாக வந்த நூறு பேரைச் சுமந்தவை. நான் கடிவாளத்தைத் தப்பாகப் பிடித்தாலும், காலைத் தப்பான இடத்தில் அழுத்தினாலும், இவன் என்ன கேட்கிறான் என்று அவையே புரிந்துகொண்டு நடந்தன. எனக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நம்பினேன்.

பந்தயக் குதிரையின் பழக்கமே வேறு. அதற்கு ஒன்றரை, இரண்டு வயதிலேயே சேணம் பூட்டி ஓடச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கையில் அந்த இறுக்கத்தின் மேல் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடித்தான் அதற்குப் பழக்கம். பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது பயந்தால் இழு என்பது. அதன் உடம்பில் ஊறியிருந்தது இழுத்தால் ஓடு என்பது. இரண்டும் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஒருநாள் காலையில் மோதிக்கொண்டன. பின்னாலிருந்து தேங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, நான் இழுத்தேன், அது பாய்ந்தது, இன்னும் இழுத்தேன், இன்னும் வேகமாகப் பாய்ந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்து ஏழு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு இருந்தேன். குதிரைக்கு முழங்காலில் சிராய்ப்பு, அதோடு போயிற்று.

விற்றவர் எதையும் மறைக்கவில்லை. இது இத்தனை பந்தயம் ஓடியது, இன்னும் சவாரிக்குப் புதிதாகப் பழக்க வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார். குதிரையும் கெட்ட குதிரை இல்லை. இப்போது அது பெங்களூரில், தினமும் மூன்று மணி நேரம் சேணத்தில் இருக்கிற இருபது வயதுப் பெண்ணிடம் இருக்கிறது. ஒரு வருடம் பொறுமையாக நடை மட்டுமே பழக்கி, அப்புறம் தடை தாண்டப் பழக்கியிருக்கிறாள். போன மாதம் வீடியோ அனுப்பினாள், காதை முன்னால் நிமிர்த்திக்கொண்டு அது தாண்டுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் இருந்த ஐந்து மாதத்தில் அந்தக் காது அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

கை சரியான பிறகு வந்த ஆடியில் அந்தியூர் போனேன். குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிப் புதுப்பாளையத்தில் கூடுகிற சந்தை. போகாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், மாடும் ஆடும் ஒரு பக்கம் இருக்க, வரிசை வரிசையாகக் குதிரை. சௌராஷ்டிரத்துக் கத்தியவார், ராஜஸ்தானத்து மார்வார், இரண்டுக்கும் காது உள்ளுக்கு வளைந்து நுனியோடு நுனி தொடப் பார்க்கும். ரோஜா நிறத் தோலும் வெள்ளை மயிருமாக நுக்ரா, குழந்தைகள் சுற்றி நிற்கிற மட்டக்குதிரை, மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற நாட்டியக் குதிரை. தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லார் வாயிலும் சுழிதான், உடம்பில் மயிர் சுழித்து நிற்கிற இடத்தை வைத்துக் குதிரைக்கு ராசி பார்ப்பது. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், வயிற்றடியில் உண்டா, இது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா. நானும் ஒரு கத்தியவார் பெண் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து சுழி தேடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும், ஜட்கா காலத்திலிருந்து குதிரையோடு இருப்பவர் என்று பின்னால் தெரிந்தது. "குதிரைக்குச் சுழி பாக்கறீங்க, சரி," என்றார். "ஏறப் போற ஆளுக்கு ஆருங்க தம்பி சுழி பாத்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே கேட்டார். எத்தனை கிலோ இருக்கீங்க. வாரத்துல எத்தனை நாள் ஏறுவீங்க. ரோட்டுலயா, தோட்டத்துக்குள்ளயா. நீங்க வெளியூரு போனா தண்ணி காட்டறது ஆரு. இதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா. கடைசிக் கேள்விக்கு நடந்ததைச் சொன்னேன். "அப்ப உங்களுக்கு இன்னும் பயம் போகலைங்க. பயம் இருக்கறது தப்பில்லை. பயத்தைத் தாங்கற குதிரையாப் பாருங்க" என்றார்.

அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் என்னைப் பற்றி எழுதினேன், குதிரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடம்பு 82 கிலோ. சேணம், அங்கவடி, மற்றதெல்லாம் சேர்த்து 10 கிலோ. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம், அறுவடைக் காலத்தில் அதுவும் இல்லை. தார் ரோடு கொஞ்சம், வாய்க்கால் கரை நிறைய. பக்கத்திலேயே லாரி, டிராக்டர், தெருநாய், மயில். வேகமாகப் போக ஆசை இருக்கிறது என்று எழுதிவிட்டு, யோசித்து அடித்தேன். விழுந்ததற்குப் பிறகு அந்த ஆசை எனக்கு இல்லை. இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். குதிரை வாங்குகிற எல்லாருமே நாம் என்றைக்கோ ஆகப்போகிற ஆளுக்காகத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறேன். குதிரை சுமப்பதோ நாளைக் காலையில் தூக்கம் சரியில்லாமல், முதுகு வலியோடு வந்து ஏறுகிற ஆளை.

எடைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் இதை யாரும் பார்ப்பதே இல்லை. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதாவது 20 சதவீதம். இன்னும் சமநிலை பழகாமல் சேணத்தில் தொப் தொப்பென்று உட்காருகிற ஆள் என்றால் அதற்கும் கீழேயே இருப்பது நல்லது. சரி, குதிரையை எங்கே எடை போடுவது? தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்காலுக்குப் பின்னால், வார் கட்டுகிற இடத்தில் மார்பின் சுற்றளவு. அப்புறம் தோள் முனையிலிருந்து பின்புறத்து எலும்பு முனைவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,877 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைத்துவிடும்.

நான் சுழி தேடிய அந்தக் கத்தியவார் பெண் குதிரைக்குச் சுற்றளவு 170, நீளம் 150. கணக்குப் போட்டால் 365 கிலோ. அதில் ஐந்தில் ஒன்று 73. நானும் சேணமும் 92. எவ்வளவு அழகான குதிரை அது, என் மேல் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது, வாங்கியிருந்தால் அதன் முதுகை நான் உடைத்திருப்பேன். நம் ஊர்க் கல்யாணங்களில் மெலிந்த குதிரை மேல் தொண்ணூறு கிலோ மாப்பிள்ளை ஏறி உட்காருவதைப் பார்க்கையில் எனக்கு இப்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

உயரத்தைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், அது அவ்வளவு முக்கியமில்லை. குட்டையாக இருந்தாலும் எலும்பு தடித்து, முதுகு நீளம் குறைந்து, மார்பு அகன்ற குதிரை ஆறடி ஆளைச் சுமந்துவிடும்.

அப்புறம் ஏழு மாதம் தேடினேன். அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

போய்ப் பார்ப்பதில் பெரியவர் சொல்லித்தந்த முதல் விஷயம், நீங்கள் போகும்போது குதிரை சேணம் பூட்டித் தயாராக நின்றால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள் என்பது. லாயத்தில் அவிழ்த்து நிற்கையில் பார்க்க வேண்டும். பிடிக்கப் போனால் வருகிறதா, ஓடுகிறதா. காலைத் தூக்கினால் தருகிறதா. சேணத்தைப் பார்த்ததும் காதைப் பின்னால் மடிக்கிறதா. வார் இறுக்கும்போது கடிக்கத் திரும்பினால் முதுகு வலியாக இருக்கலாம், வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். நாம் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிக் களைப்பாக்கி நிறுத்தியிருப்பார்கள், சேணம் வைக்கிற இடத்தில் வியர்வை காய்ந்த உப்புத் தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். காதுக்குள் பஞ்சு வைத்திருப்பதும் உண்டு, சத்தத்துக்கு மிரளாமல் இருக்க. முதலில் விற்பவரையே ஏறி ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் ஏற மறுத்தால் நாமும் ஏறக்கூடாது.

நரியைப் பரியாக்கிய கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். திருப்பெருந்துறையில் கோயில் கட்டிக் காசு தீர்ந்துபோன மாணிக்கவாசகருக்காக ஈசனே குதிரைக்காரனாக வந்து பாண்டியனிடம் குதிரைகளை ஒப்படைக்கிறார், ராத்திரி பார்த்தால் லாயம் முழுக்க நரி. மயக்க மருந்து போட்டு நிறுத்திய குதிரையை வாங்கியவர்கள் அந்த ராத்திரியை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். பகலில் உதடு தொங்கி, தலை தாழ்ந்து, குழந்தை மாதிரி நின்றது, வண்டியில் ஏற்றி வீட்டுக்கு வந்து மருந்து இறங்கினதும் கதவை உதைத்து உடைக்கும். கயிறு கைமாறின பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அதனால் ஒருமுறை பார்த்து வாங்காதீர்கள். மூன்று தடவை போங்கள், அதில் ஒரு தடவையாவது சொல்லாமல் போங்கள்.

நாட்டியக் குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சவாரிக்கு வாங்குகிறவர்கள் நிறைய. கடிவாளம் இறுகினால், குதிகால் பட்டால் முன்காலைத் தூக்கி ஆட வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. புதிதாக ஏறுகிற ஆள் பயத்தில் செய்வதும் அதே இரண்டுதான், கையை இறுக்குவான், காலை இறுக்குவான். குதிரை தனக்குத் தெரிந்ததைச் செய்யும். இன்னொன்று, அப்படிப்பட்ட குதிரைகளில் சிலவற்றின் வாயைத் திறந்து நாக்கையும் உதட்டோரத்தையும் பார்த்தால் ஆறின தழும்பு இருக்கும். முள் வைத்த கடிவாளத்தின் தழும்பு. 1965ஆம் வருடத்திலிருந்தே விதிப்படி தடை செய்யப்பட்ட பொருள் அது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வாயோடு நம்மிடம் வருகிற குதிரை கடிவாளத்தை நம்ப மாதக்கணக்கில் ஆகும்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். முன்பல் எல்லாம் விழுந்து முளைத்து வாய் நிறைவது ஐந்து வயதில். அதற்குமேல் தேய்மானத்தையும் சாய்வையும் வைத்துச் சொல்வார்கள். மேல் வரிசையில் ஓரத்து முன்பல்லில் ஒரு கோடு இருக்கும், பத்து வயது வாக்கில் ஈறோரத்தில் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் முழுப் பல்லுக்கும் ஓடியிருக்கும். ஏழு வயது என்று விற்கிற குதிரையின் பல்லில் அந்தக் கோடு பாதிவரை இருந்ததை நானே பார்த்தேன். பொய் சொன்னதற்காக அந்த ஆளை விட்டு வந்தேன், வயதுக்காக அல்ல. எனக்கு வேண்டியதே பத்திலிருந்து பதினைந்துக்குள்தான். அந்த வயதுக்குள் ஒரு குதிரை லாரியையும் பார்த்திருக்கும், பட்டாசையும் கேட்டிருக்கும், பறக்கிற பாலித்தீன் பையால் செத்துப்போக மாட்டோம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வயதிலும் நிதானமாகச் சுமக்கும். வயதான குதிரை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாததை அதற்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆண் குதிரைக்கு நம் பக்கம் காயடிப்பது குறைவு. பெண் குதிரையின் வாசம் காற்றில் வந்தால் போதும், மேலே இருக்கிற ஆள் அதற்கு நினைவில் இருக்காது. புதியவர்களுக்குக் காயடித்தது அல்லது பெண் குதிரை, வேறு பேச்சே வேண்டாம். பெண் குதிரை என்றால் சினையா என்று பார்த்துவிடுங்கள், பதினோரு மாதம் சுமக்கிற பிராணி.

மனதுக்குப் பிடித்த குதிரை கிடைத்த பிறகுதான் மருத்துவர். குதிரைகளோடு பழகின மருத்துவராக இருக்க வேண்டும், தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தாலும் கார் அனுப்பிக் கூட்டி வாருங்கள். காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்திருந்து விட்டதும் ட்ராட், அதாவது மிதமான ஓட்டம், ஓடவிட்டுப் பார்ப்பார். நாமே ஓரளவு பார்க்கலாம், கெட்டித் தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓட்டினால், முன்காலில் வலி இருக்கிற குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். ரத்தம் எடுத்துக் கிளாண்டர்ஸ் சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, மனிதருக்கும் தொற்றும், வந்தது உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவதுதான் அரசாங்க நடைமுறை. ஹரியானாவில் ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத விற்பனையாளர் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவையுங்கள், உங்கள் ஊருக்கு லாடம் அடிக்க யார் வருவார்? மாட்டுக்கு அடிப்பவர் வேறு, குதிரைக்கு அடிப்பவர் வேறு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வந்தாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் இறங்கின மார்க்கோ போலோ, கடல் கடந்து வருகிற குதிரைகளுக்கு இங்கே பார்த்துச் செய்ய ஆள் இல்லாமல் அவை மடிகின்றன, அதனால் மன்னர்கள் வருடாவருடம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பதிந்திருக்கிறார். என் ஊருக்கு லாடக்காரர் எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறார். அவர் வரச் சம்மதித்த பிறகுதான் நான் முன்பணம் கொடுத்தேன்.

மச்சான், இப்போது உங்கள் குட்டிக்கு வருகிறேன். இரண்டு வயதுக் குதிரைக்கு இன்னும் எலும்பு முற்றவில்லை, முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து ஆறு வயது ஆகும். பையன் ஏற ஆசைப்படுவது இன்றைக்கு. குட்டிக்கும் ஒன்றும் தெரியாது, பையனுக்கும் ஒன்றும் தெரியாது, யார் யாருக்குச் சொல்லித்தருவது? அடுத்த வருடம் அது முந்நூற்றைம்பது கிலோ ஆண் குதிரையாகிவிடும், இவன் முப்பத்திரண்டு கிலோவிலேயே இருப்பான். ஒரு தடவை மோசமாக விழுந்தால் அவனுக்குக் குதிரை ஆசையே போய்விடும், நான் பயப்படுவது அதற்குத்தான். முதலில் வாரம் ஒருமுறை பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வருடம் கழித்தும் சாணி அள்ள முகம் சுளிக்காமல் நின்றான் என்றால், பல குழந்தைகளைச் சுமந்து பழகின, பன்னிரண்டு வயதுக்கு மேலான மட்டக்குதிரையாக நானே தேடித் தருகிறேன். வெள்ளைக் கால் இருக்குமா என்று கேட்காதீர்கள்.

நான் கடைசியில் வாங்கியது பழுப்பு நிறத்தில் கலப்பினப் பெண் குதிரை, பன்னிரண்டு வயது, 15 கைக்குக் கொஞ்சம் மேல். நெற்றியில் நட்சத்திரம்கூடக் கிடையாது. சுற்றளவு 186, நீளம் 160, கணக்கில் 466 கிலோ. நானும் அதற்குள் ஆறு கிலோ குறைந்திருந்தேன், சேணத்தோடு 86, பதினெட்டரை சதவீதம். பொன்னி என்று பேர். ஒரு குடும்பத்தில் அப்பா, பெண், மகன் என்று மூன்று பேரைச் சுமந்தது, பெண் வெளிநாடு போய்விட்டதால் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை போனபோது வேண்டுமென்றே களைப்பான ஒரு நாளில், சாயங்காலம் போனேன். ஏறும்போது தடுமாறி அதன் கழுத்தைப் பிடித்தேன். அசையாமல் நின்றது. ரோட்டுக்குக் கொண்டுபோனேன், டிப்பர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போயிற்று, என் கை தானாகவே இறுகியது. ஒரு காதை மட்டும் லாரி பக்கம் திருப்பிவிட்டு, நான் கையைத் தளர்த்துகிறவரை மெதுவாக நடந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துப் பெரியவரைக் கூட்டி வந்து காட்டினேன். பொன்னியின் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கொள்ளு ஊறின வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். சுழி பார்க்கவில்லை. அப்புறம் என்னை ஏறச் சொல்லிவிட்டு வாய்க்கால் மதகு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்தார். திரும்பி வந்து நான் இறங்கினதும், குதிரையை விட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிங்க தம்பி, இருக்கட்டும்," என்றார். "டீ போடச் சொல்லுங்க."